புளி போட்டுத் துலக்கிய தோட்டா

துப்பாக்கிச் சுடுதளத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறீர்கள். "சார், எங்க ஸ்டோர்ல பழைய டூ டூ தோட்டா கொஞ்சம் கிடக்கு. தொடச்சுட்டுச் சுடலாமா?" சுடலாம் என்று நான் சொல்ல வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால், பெரியவர்தான் சொன்னார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நான் வர மாட்டேன்.

பதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. நன்றாக இருக்கிற தோட்டாவில் தூசி படிந்திருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். களிம்பு ஏறியது, கீறல் விட்டது, விளிம்பு நசுங்கியது என எதையும் துடைக்கவே வேண்டாம். தனியே எடுத்து, ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படையுங்கள். எண்ணெய் படக் கூடாது, தண்ணீர் கூடவே கூடாது. பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பக்கம் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். தீப்பற்றும் மருந்து அதற்குள்தான். பாயின்ட் டூ டூ என்கிற இந்தச் சின்னத் தோட்டாவுக்கு அந்த மருந்து அடி விளிம்பைச் சுற்றி உள்ளே ஒட்டியிருக்கிறது. அந்த விளிம்பு பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மாதிரி, அழுத்தித் தேய்க்கிற இடம் இல்லை.

இதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய் உங்கள் இஷ்டப்படிதான் செய்யப் போகிறீர்கள். அதனால் புதுக்கோட்டையில் ஒரு விஜயதசமி அன்று நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் குழம்பிய குழப்பம் இந்த வயதிலும் முழுதாகத் தெளியவில்லை. தெளிந்தவரைக்கும் சொல்கிறேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. எந்த லைசென்ஸை எந்த ஆபீசில் புதுப்பிப்பது, யாரிடம் போய் நிற்பது என்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம். வேட்டைக்குப் பேர்போன பெரிய வீட்டுக்காரர் ஒருவர், இந்த வம்பே வேண்டாம் என்று தன் டூ டூ ரைபிள்களையும் தோட்டாக்களையும் முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டு எங்கள் ரைபிள் கிளப்பில் இறக்கிவிட்டார். கிளப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். திருக்கோகர்ணத்துக்கு வெளியே செம்புறாங்கல் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று, அதன் கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்று, அவ்வளவுதான். பள்ளத்தின் எதிர்ச்சுவர் குண்டுகளை வாங்கிக்கொள்ளும்.

நான் அங்கே சுடுதளப் பொறுப்பாளன். இளம் வயது, மூக்குக்கு மேல் கோபம். எனக்கு மேலே செயலாளர், ஒரு வக்கீல். கொட்டகைக் காவலுக்குக் கருப்பையா அண்ணன். அவருக்கு இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு கண் இருக்கிற நாங்கள் பார்க்காததை எல்லாம் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். குப்பை கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பெரிய வீட்டிலிருந்து வந்த தோட்டாக்களைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. பாதிக்குமேல் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுத் தனியே வைத்தேன். "அண்ணே, இது தனியா இருக்கட்டும்" என்று கருப்பையா அண்ணனிடம் சொன்னேன். ஏன் தனியாக என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. களிம்பு பிடித்தால் கழித்துக் கட்டுவது என்பது எனக்கு அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்த விஷயம். அவருக்கோ களிம்பு பிடித்த பித்தளையைத் தனியே எடுத்து வைத்தால் அது துலக்குவதற்குத்தான். எந்த வீட்டில்தான் அப்படி இல்லை?

ஆயுத பூஜை வந்தது. நான் எங்கள் வீட்டுப் பூஜைக்கு விராலிமலைப் பக்கம் ஊருக்குப் போய்விட்டேன். விஜயதசமி அன்று மத்தியானம்தான் திரும்பி வந்தேன். கொட்டகைக்குள் ரைபிள்களுக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், செவ்வந்தி மாலை. வாழையிலை நிறையத் தோட்டா. அதில் பழைய மங்கலும் இருந்தது, பொன்னாக மின்னுவதும் இருந்தது. கிட்டே போகலாம் என்று காலெடுத்து வைத்தேன். வக்கீல் கையைக் காட்டித் தடுத்தார்.

"பூஜையில வச்சதத் தொடக் கூடாதுய்யா. கற்பூரம் காட்டி எடுத்ததுக்கப்புறம்தான்."

தொடவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும் முன்பே புதுத் தோட்டா கேட்டு மெட்ராஸுக்கு எழுதியிருந்தோம். மின்னுவதெல்லாம் அந்தப் புதுச் சரக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். கற்பூரம் காட்டி முடித்த கையோடு போட்டி தொடங்கிவிட்டது. மின்னுகிற தோட்டாக்களைத்தான் போட்டிக்கு எடுத்து வைத்தார்கள். வேறு எதை எடுப்பார்கள்?

போட்டி எதற்கு என்றால், மெட்ராஸில் நடக்கப்போகிற பெரிய போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஓர் ஆள் போகலாம். போட்டி உண்மையில் இரண்டு பேருக்கு நடுவில்தான். ஒன்று நான். இன்னொருவர் ஆவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஆரோக்கியசாமி. அதிர்ந்து பேச மாட்டார். சுடப் படுக்கும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு கல் மாதிரி அசையாமல் கிடப்பார். அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். நல்ல மனிதரைப் பார்த்து வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

ஆளுக்கு ஐந்து சூடு. முதலில் நான் சுட்டேன். அன்றைக்குக் கோயிலில் அம்பு போடுகிற திருவிழா. சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு, வழியெல்லாம் அதிர்வேட்டுப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வேட்டுக்கும் பள்ளத்துச் சுவரே அதிர்ந்தது. என் ஐந்தாவது சூடும் ஒரு வேட்டும் சரியாக ஒன்றாக விழுந்தன. எழுந்து குறி அட்டையை எடுத்துவரச் சொன்னால், அட்டையில் நான்கு ஓட்டைதான் இருந்தது.

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். நடு ஓட்டை சற்று நீளவாட்டமாக இருந்தது. "ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்குய்யா! வெறும் ஓட்டையா இது!" என்றார். நன்றாகச் சுடுகிறவனுக்கு அப்படி நடப்பது உண்டுதான். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை, முளைத்திருந்தால் முறுக்கியிருப்பேன். என் ரைபிளை மரத்தாங்கியில் சாய்த்து வைத்தேன். கருப்பையா அண்ணன் ஒரு செவ்வந்தி மாலையை எடுத்து அதற்குப் போட்டார்.

அந்த மாலைக்கு ஒரு காரணம் இருந்தது. பூஜை வேலையைச் செய்தவர் போட்டி முடிந்ததும் கடைசியாக ஒரு சூடு சுட வேண்டும் என்பது எங்கள் கிளப்பில் ஏற்பட்டுவிட்ட வழக்கம். எந்தத் துப்பாக்கியில் என்பதை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கருப்பையா அண்ணன் என் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "ஒரே ஓட்டையில ரெண்டு போட்ட துப்பாக்கி, நம்ம கையிலயும் நல்லாப் பேசும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்து ஆரோக்கியசாமி படுத்தார். முதல் மூன்றும் நட்ட நடுவில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்தன. நான்காவதைச் சுட்டார். அந்த நேரம் பார்த்து இன்னொரு அதிர்வேட்டு. வக்கீல் பைனாகுலரில் பார்த்தார். மூன்று ஓட்டைதான்.

"அடடா! இவரும் ஒரே ஓட்டையிலயா! இன்னைக்கு என்னய்யா நடக்குது!"

கை தட்டல் எனக்கு விழுந்ததைவிடப் பெரிதாக விழுந்தது. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்த நேரத்தில்தான் கருப்பையா அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தோட்டா எப்புடி மின்னுது, பாத்தீங்களா தம்பி?"

"புதுசுதானே அண்ணே, மின்னாம?"

"என்னது புதுசா? ஒங்க டின்னுல கெடந்த பச்சைதான் தம்பி அம்புட்டும். ராப்பூரா புளித்தண்ணியில ஊறப் போட்டு, செங்கப்பொடி வச்சுத் தேச்சு, மொறத்துல காய வச்சேன். பொட்டுக்கூட வச்சிருப்பேன், வக்கீலய்யாதான் வேணாம்னுட்டாரு."

வாத்தியார் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பித்தளைக் கூட்டுக்கும் ஈயக் குண்டுக்கும் நடுவில் புளித்தண்ணீர் இறங்கியிருந்தால் உள்ளே மருந்து நமுத்துப் போயிருக்கும். நமுத்த தோட்டா வெடிக்காமல் போனாலாவது தெரிந்துவிடும். அரைகுறையாகப் பற்றினால்தான் ஆபத்து. 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வீங்கும். களிம்பு தின்ற கூடு கிழிந்து, நெருப்பும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாகச் சுடுகிறவன் கண்ணுக்கு வரும்.

குண்டு குழலுக்குள் நின்றுவிட்டாலும் அட்டையில் ஓர் ஓட்டை குறையும். ஒரே ஓட்டையில் இரண்டு போனாலும் ஓர் ஓட்டை குறையும். அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சத்தத்தை வைத்துச் சொல்லலாம் என்றால் அதிர்வேட்டு அதையும் விழுங்கிவிட்டது. வாத்தியாரின் நான்காவது சூட்டில் எனக்குப் 'புஸ்' கேட்டதா? கேட்ட மாதிரியும் இருந்தது. இப்போது கருப்பையா அண்ணன் சொன்னதால் கேட்ட மாதிரி இருக்கிறதோ என்றும் இருந்தது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. ஆரோக்கியசாமி ஐந்தாவதையும் அப்படியே போட்டால் மெட்ராஸ் அவருக்கு. இப்போது நான் போய் நிறுத்தினால் அவர் மூச்சு கலையும், கை கலையும், ஐந்தாவது எங்காவது போய் விழும், மெட்ராஸ் எனக்கு. என் மனதில் எழுந்தது அவர் கண்ணைப் பற்றிய கவலையா, மெட்ராஸ் ஆசையா? எனக்கே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஊர் என்ன நினைக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அவர் ஐந்தாவது தோட்டாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க! யாரும் சுடக் கூடாது!" என்று கத்தினேன். கத்தியது போதாதென்று பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

வக்கீல் கொட்டகையிலிருந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்னய்யா இது? தோத்துருவோம்னு வந்துருச்சா?"

"சார், தோட்டா சரியில்ல. குழலுக்குள்ள குண்டு நின்னுருக்கலாம். கம்பி விட்டுப் பாக்கணும்."

"ஒனக்குச் சுடும்போது சரியா இருந்த தோட்டா, அவருக்குச் சுடும்போது கெட்டுப்போச்சா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. அது தைரியம் என்று நினைக்காதீர்கள். கையை ஒரு தடவை பிடித்தாயிற்று, இனி விட்டால் இன்னும் கேவலம் என்ற வீம்புதான் அதில் பாதி. ஆரோக்கியசாமி படுத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரைபிளை என் கையில் கொடுத்தார்.

ரைபிளின் பின்தாழான போல்ட்டைக் கழற்றிவிட்டு, துணி சுற்றிய கம்பியைப் பின்பக்கத்திலிருந்து விட்டேன். எங்கேயும் இடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய், முன்பக்கம் துணி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. குழல் சுத்தம். அவருடைய நான்காவது குண்டு உண்மையிலேயே அதே ஓட்டைக்குள்தான் போயிருக்கிறது.

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவே இல்லை. யாரோ விசில்கூட அடித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "வெக்கமா இல்லையாய்யா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தேகம் பொய்யானதில் நிம்மதி வந்திருக்க வேண்டும், ஒரு மனிதனின் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தாயிற்றே. எனக்கு நிம்மதி வரவில்லை. குண்டு நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்படி நினைத்ததை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

ஆரோக்கியசாமி எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தாங்கியில் மாலையோடு சாய்ந்திருந்த என் ரைபிளைக் காட்டினார்.

"ஒங்க அட்டையிலயும் ஒரு ஓட்டை கொறவுதானே? என்னோடதுல பாத்தீங்க. அதுலயும் கம்பிய விட்டுக் காட்டிருங்க. அதுக்கப்புறம் நான் சுடுறேன்."

இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்த் தாங்கியிலிருந்து ரைபிளை எடுத்தேன். மாலையை உருவிக் கருப்பையா அண்ணன் கையில் திணித்தேன். போல்ட்டைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, கம்பியை விட்டேன்.

ஒரு சாண் போய்க் கம்பி நின்றுவிட்டது.

துணி சுருண்டிருக்கும் என்று வெளியே இழுத்துச் சரிசெய்து மறுபடி விட்டேன். அதே இடத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தேன். போகவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வக்கீல் என் கையிலிருந்து ரைபிளை வாங்கித் தானே ஒரு தடவை கம்பியை விட்டுப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த என் அட்டையை எடுத்து, அந்த நீளவாட்டமான ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை கிழிந்து நீண்டுபோன அந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு குண்டுதான் போயிருந்தது. என் ஐந்தாவது குண்டு, அதிர்வேட்டு விழுந்த நேரத்தில் புஸ்ஸென்று கிளம்பி, ஒரு சாண் போய்க் குழலுக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அதன்பின் நடந்ததை வளர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. மின்னுகிற தோட்டாக்கள் அத்தனையையும் ஒதுக்கச் சொன்னேன், இந்தத் தடவை ஏன் என்றும் சொன்னேன். மங்கலாகக் கிடந்த நல்ல தோட்டாக்களில் ஒன்றை நானே விளிம்பு பார்த்து எடுத்து ஆரோக்கியசாமியிடம் கொடுத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு படுத்தார். ஐந்தாவதும் நடுவில்தான் விழுந்தது. மூச்சும் கலையவில்லை, கையும் கலையவில்லை. மெட்ராஸுக்கு அவர்தான் போனார். பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன்.

பிற்பாடு நான் பல தடவை சுடுதளத்தை நிறுத்தியிருக்கிறேன். அநேகமாக ஒன்றும் இருக்காது. கம்பி வழுக்கிக்கொண்டு போகும், எல்லோரும் முறைப்பார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். உள்ளே எழுகிற சந்தேகம் கவலையால் வந்ததா, பொறாமையால் வந்ததா, வெறும் பயத்தால் வந்ததா என்று ஆராய்ந்து முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று இருக்காதீர்கள். அதை என்னால் இன்றுவரை ஆராய்ந்து முடிக்க முடியவில்லை. முதலில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு அடுத்தவன் துப்பாக்கியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், உங்களுடையதையும் பாருங்கள். கை தட்டல் வாங்கிய துப்பாக்கியை இன்னும் ஒரு தடவை பாருங்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். நான் குழலுக்குள் இருந்த குண்டை மெல்லத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி ரைபிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருப்பையா அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூஜைச் சூட்டுக்கென்று அவர் ஆசையாக எடுத்து வைத்திருந்த தோட்டாவும் அதே கையில் இருந்தது. பொன்னாக மின்னியது.

"தம்பி, நான் பாட்டுக்கு இதப் போட்டுச் சுட்டுருந்தா என்னா ஆயிருக்கும்?"

வெளியே வந்த குண்டை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார். தோட்டாவையும் அதன் பக்கத்தில் வைத்தார். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, பூ விழுந்த கண்ணோடு எங்கள் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்தார்.

"ஒங்க ரெண்டு பேரு சண்டையில என் ஒத்தக் கண்ணு தப்பிச்சிருச்சு" என்றார். "அப்பப்பச் சண்ட போட்டுக்கங்க தம்பி."